ஒன்பதாம் ஆணி

தூவானமேட்டிலிருந்து கல்தேர் முடிக்கு, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏறிப்போனவர்கள் ஒன்பது பேர். மாலையில் இறங்கி வந்தவர்களும் ஒன்பது பேர். அதில் ஒன்பதாவதாக வந்தது ஒரு வரையாடு.

முழுக்க வளர்ந்த கிடா. கறுத்த உடம்பில், முதுகின் நடுவே வெள்ளிச் சேணம் போட்டதுபோல நரைத்த பட்டை, பின்னோக்கி வளைந்த கொம்புகள், முழங்காலில் சேறு. வரிசையில் எட்டாவதாக வந்த பெண்ணுக்கு நாலடி பின்னால், அவளை இடிக்காமலும் விட்டு விலகாமலும், நாள் முழுக்க நடந்த ஒரு மனிதனின் களைப்போடு அது வந்து செக்போஸ்ட் பலகையின் முன்னால் நின்றது. கழுத்தில், ஒன்பது என்று வெட்டிய பித்தளை வில்லை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்தேருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பேரைத்தான் விடுவார்கள். காலை ஏழு மணிக்கு, கால்சராயைக் காலுறைக்குள் செருகி, அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையும் உப்பும் தடவிக்கொண்டு நிற்பவர்களுக்கு, பலகையின் ஒன்பது ஆணிகளிலிருந்தும் ஆளுக்கொரு வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். மாலையில் அவரவர் வில்லை அவரவர் ஆணிக்குத் திரும்ப வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் மலையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். அப்போது சங்கு ஊதும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆண்கள் கயிறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த ஆணி நிரம்பும்வரை தூவானமேட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். பெயர், வயது, ஊர் என்று படிவத்தில் ஆயிரம் எழுதினாலும் அந்த மலையில் பேசுவது ஆணிதான். கூட்டிப்போகும் வாட்சருக்கு மட்டும் வில்லை கிடையாது. அவர் எப்படியும் வந்துவிடுவார் என்பது கணக்கு.

அன்று கூட்டிப்போன வாட்சர் இன்னாசி. ஐம்பத்து நாலு வயது, இடது முட்டியில் வலி, இருபத்தாறு வருடமாக அதே ஏற்றம், அதே இறக்கம். வனவர் கார்த்திகாயினி ஆட்டைப் பார்த்தாள், இன்னாசியைப் பார்த்தாள், பிறகு குனிந்து ஆட்டின் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி ஒன்பதாவது ஆணியில் மாட்டினாள். ஒன்பது ஆணியும் நிரம்பின. அவளைப் பிற்பாடு பலரும் கேட்டார்கள். வில்லை வந்துவிட்டதே, நான் வேறு என்ன செய்ய என்பதுதான் அவள் சொன்னது. அதில் தவறு கண்டுபிடிக்க அங்கே யாராலும் முடியவில்லை.

படிவத்தில் ஒன்பதாம் ஆள் அம்பலவாணன், வயது ஐம்பத்திரண்டு, தனியாக வந்தவர் என்று இருந்தது. ஊர் எழுதிய இடத்தில் ஈரம் பட்டு மசி பரவியிருந்தது. மற்ற எட்டுப் பேரையும் விசாரித்தபோது, புதுசாய்க் கல்யாணமான ஜோடி அவரை பாங்க்கிலிருந்து வந்த ஆறு பேரோடு வந்தவர் என்று நினைத்திருந்தது. பாங்க்காரர்கள் அவரை அந்தப் பெண்ணின் மாமா என்று நினைத்திருந்தார்கள். ஒருத்தர் சாம்பல் ஸ்வெட்டர் என்றார், ஒருத்தர் பச்சை என்றார். மலையில் எல்லோரோடும் நடந்து, எல்லோரும் நின்ற இடத்தில் நின்று, எல்லோரும் பார்த்த கருமந்தியைப் பார்த்த அந்த மனிதரை, ஒவ்வொருவரும் இன்னொருவருடைய ஆள் என்றே நினைத்து விட்டிருந்தார்கள். ஆடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. ஐந்து நாற்பது பஸ் வந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து ரோட்டோரம் போய் நின்றது, ஆனால் ஏறவில்லை.

அப்படித்தான் அம்பலவாணன் சார் தூவானமேட்டில் தங்கினார்.

ஊர் அவரை ஏற்றுக்கொள்ள மூன்று நாள் கூட ஆகவில்லை. முதல் நாள், டீக்கடை புஷ்பம் ஓர் அலுமினியச் சட்டியில் சர்க்கரை போடாத டீயை ஆற்றி வைத்தாள். அது முகர்ந்துவிட்டுக் குடித்தது. இரண்டாம் நாள் மாதா கோயில் சாமியார் வந்து பார்த்து, வந்தாரை விரட்டுவது நம் வேதத்தில் இல்லை என்று சொல்லிப் போனார்; அந்த மதியமே மாரியம்மன் கோயில் பூசாரியும் வந்து, அதே வார்த்தையைத் தன் பங்குக்குச் சொல்லித் திருநீறு போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து வந்த கால்நடை டாக்டர் பல்லைப் பிடித்துப் பார்த்து, ஒன்பது வயசு, நல்ல திடம், கொஞ்சம் சோர்வு தெரிகிறது, தனியாக விடாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அதை ஆடு என்று சொன்ன பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதனிடம் தங்கள் மாமியாரைப் பற்றியும், கங்காணியைப் பற்றியும், கருத்தரிக்காத மகளைப் பற்றியும் சொன்னார்கள். அது அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும், பதில் சொல்லாது, வேறு யாரிடமும் போய்ச் சொல்லாது, ஓர் ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். மாதா கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடந்தது. அம்மன் பொங்கலுக்கும் நடந்தது, பலிக்குக் கட்டியிருந்த கிடாய்களை மட்டும் பார்க்காமல்.

ஒவ்வொரு மாலையும் ஐந்து நாற்பது பஸ்ஸுக்கு அது ரோட்டோரம் போய் நிற்கும். முதல் வாரம் கண்டக்டர் பால்பாண்டி, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தான். "சார், ஏறுறதுன்னா ஏறுங்க, இல்ல வழிய விடுங்க. கீழ ஜனம் காத்துக் கெடக்கு" என்றான். அது படியை முகர்ந்தது, உள்ளே பார்த்தது, நின்றது. பிறகு அவனும் பழகிக்கொண்டான். பஸ் அங்கே வந்ததும் மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்து, ஒரு நொடி மெதுவாகி, போய்விடுவான்.

கல்தேருக்கு வருகிறவர்களின் கூட்டமும் பெருகியது. முன்பெல்லாம் மேலே மூன்று மணி நேரம் மஞ்சு மூட்டத்துக்குள் உட்கார்ந்து, பாறை அசைந்தால் ஆடு, அசையாவிட்டால் பாறை என்று இன்னாசி சொல்வதைக் கேட்டுச் சலித்து, ஒன்றும் தட்டுப்படாமல் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். இப்போது கீழே பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வரையாடு டீ குடிப்பதைப் பார்த்துவிடலாம். புஷ்பம் கடையில் இன்னும் இரண்டு பெஞ்சு போட்டாள். எல்லோருக்கும் எல்லாமும் சௌகரியமாக இருந்தது. ஒன்பதாம் வில்லையை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார் என்பதால், மலையில் யாரையும் தேட வேண்டியதில்லை என்பதும் அந்தச் சௌகரியத்தில் ஒன்றாக இருந்தது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்னாசிக்கு மட்டும் அந்த ஆட்டை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. அவன் டீக்கடைக்கு வந்தால் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவான்.

அன்று மேலே நடந்தது இவ்வளவுதான். நண்பகல் தாண்டி மஞ்சு ஒரு முழம் விலகி, எதிர்ப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் ஆட்டு மந்தை தெரிந்தது. முப்பதுக்குக் குறையாது. எல்லோரும் முண்டியடித்தார்கள். இன்னாசி அந்தப் புதுப்பெண்ணின் கண்ணில் தூரநோக்கியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பின்னால், காட்டுப்பூவரசு மரத்தடிப் பாறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் இங்க கொஞ்ச நேரம் இருந்துக்கட்டுமா?"

இன்னாசி திரும்பாமல் சொன்னான். "உங்க இஷ்டம் சார்."

அதற்குப் பிறகு மேற்கே வானம் கறுத்தது. ஏறும்போது வாட்சர் முன்னால், இறங்கும்போது வாட்சர் பின்னால் என்பது அந்த மலையின் முறை. ஏறுகிறவன் வழி தவறுவான், இறங்குகிறவன் பின்தங்குவான் என்று அனுபவத்தில் கண்டவர்கள் வைத்த முறை. அன்று மழைக்கு முன் ஓடையைத் தாண்டிவிட வேண்டும் என்று, முட்டி வலியோடு இன்னாசி முன்னால் இறங்கினான். ஓடையில் நின்று ஒவ்வொருவராய்க் கை கொடுத்து ஏற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை எண்ணினான். ஒன்பதாவது கையைப் பிடித்தபோது அது கரடுமுரடாக, குளிர்ந்து, கல்போல இருந்ததை உணர்ந்தும், கண்ணில் மழை அடித்ததால் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க ஒரு நியாயம் வைத்திருந்தான். அந்த மனிதர் திரும்பி வரும் நினைப்பில் மலை ஏறியிருக்க மாட்டார். பேச்சு இல்லாத ஆள், தனி ஆள், இருக்க இடம் தேடி வந்தவர், கேட்டார், கிடைத்தது. நான் தடுத்திருந்தாலும் நாளைக்கு வேறு ஒரு மலை ஏறியிருப்பார். இப்படி அவன் தனக்குள் சொல்லிச் சொல்லி, அந்த நியாயம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. ஆனால் அதை எடுக்கும்போதெல்லாம் இன்னொன்றும் கூடவே வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்த மகனோடு போகத் துணிமூட்டை கட்டிய அவன் மனைவி சகாயம், வாசற்படியில் நின்று, கொஞ்ச நாள் பையனோடு இருந்துக்கட்டுமா என்று கேட்டாள். அவன் டார்ச் லைட்டுக்கு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தான். உன் இஷ்டம் என்றான். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை, இப்போது அவளுடைய முகத்தை நினைக்கப் போனால் கல்யாணப் போட்டோவிலிருக்கும் முகம்தான் வருகிறது, வாசற்படியில் நின்ற முகம் வரவே இல்லை. யார் முகத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன் என்று அவன் கேட்டுக்கொள்வான். இருபத்தாறு வருடமாக எதிர்ப்பாறையைப் பார்த்தே பழகிய கண், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க மறந்துவிடுமா. அல்லது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தெரியாதவன்தான் இந்த வேலைக்கு வருவானா.

மாசியிலும் பங்குனியிலும் ஆடுகள் குட்டி போடும் காலம் என்று மலையை மூடினார்கள். சித்திரையில் திறந்தார்கள். வைகாசியில் ஒருநாள் செக்போஸ்ட் அறையில் எறும்பு சாரை சாரையாகப் போனது. போன இடத்தில் அம்பலவாணன் சாரின் பை இருந்தது. பெரிய பைகளை மேலே கொண்டுபோக விடுவதில்லை என்பதால் அன்று காலையில் அவர் வைத்துவிட்டுப் போன பை. உரியவர் ஊரில்தானே இருக்கிறார், அவர் பையை நாம் ஏன் திறக்க வேண்டும் என்று ஏழு மாதமும் அறைச் சுவரில் தொங்கியது. எறும்புக்காக கார்த்திகாயினி அதைத் திறந்தாள். புஷ்பமும் இன்னாசியும் பக்கத்தில் நின்றார்கள்.

ஒரு சட்டை, ஒரு வேட்டி. கடலை மிட்டாய்ப் பொட்டலம், எறும்புக்குக் காரணம் அது. அன்றைய தேதி போட்ட, அன்று இரவு பொள்ளாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸுக்கு முன்பதிவு செய்த சீட்டு, நாலாக மடித்தது. கால் கிலோ டீத்தூள் பொட்டலம். அதன்மேல் பேனாவால், அக்காவுக்கு என்று எழுதியிருந்தது.

புஷ்பம் பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்த விதத்தைப் பார்த்தாள்.

"இது என் கடைத் தூளு. என் கையால கட்டிக் குடுத்திருக்கேன்" என்றாள். மறுபடியும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, "மூஞ்சி ஞாபகம் வரலயேண்ணே" என்றாள்.

இன்னாசி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடித்தால்தான் அந்த இரவு பஸ்ஸைப் பிடிக்க முடியும். அந்த மனிதர் கேட்டது கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் என்றால் கொஞ்ச நேரம்தான். உட்கார்ந்துவிட்டு, எழுந்து, இறங்கி, பஸ் பிடித்து, அக்காவுக்கு டீத்தூள் கொண்டுபோகிற அளவுக்குக் கொஞ்சம். ஏழு மாதமாக வழுவழுப்பாகத் தேய்த்து வைத்திருந்த நியாயம் அவன் கையிலேயே இரண்டாக உடைந்தது. வெளியே ஹாரன் கேட்டது. ஆடு ரோட்டோரம் போய் நின்று, பஸ்ஸின் படியை முகர்ந்துகொண்டிருந்தது.

அவன் பலகையிடம் போனான். ஒன்பதாவது ஆணியிலிருந்து வில்லையைக் கழற்றினான்.

"இன்னாசிண்ணே, என்ன பண்றீங்க?" என்றாள் கார்த்திகாயினி.

"ஒம்போது இன்னும் எறங்கல மேடம்" என்றான். "நான் மேலயே விட்டுட்டு வந்துட்டேன்."

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். முன்னால் இறங்கியதை, திரும்பாமல் பதில் சொன்னதை, ஓடையில் நிமிர்ந்து பார்க்காததை. இதனால் வேலை போகலாம் என்று அவனுக்குத் தெரியும். புஷ்பத்தின் பெஞ்சு காலியாகும் என்றும், லயத்துப் பெண்களுக்குச் சொல்லி அழ ஆள் இருக்காது என்றும் தெரியும். கார்த்திகாயினி காலி ஆணியைப் பார்த்தாள். வில்லை வந்துவிட்டதே என்று ஏழு மாதமாகச் சொன்ன வாய், இப்போது ஆணி காலியாக இருக்கிறதே என்பதைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும். அவள் போய்ச் சங்கை ஊதினாள்.

ஏழு மாதம் தாமதமாக ஊதிய அந்தச் சங்குக்கு, என்ன ஏது என்று கேட்காமல் ஊர் திரண்டது. கேட்டறிந்த பிறகு தலை குனிந்தது. அன்று யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. விடிந்ததும், கயிறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு, ஆண்களும் பெண்களும் சாமியாரும் பூசாரியும், டியூட்டி இல்லாத பால்பாண்டியும், இருநூறு பேருக்குக் குறையாமல் வரிசையாகக் கல்தேருக்கு ஏறினார்கள். ஆடும் கூட ஏறியது. முறைப்படி இன்னாசி முன்னால் போக வேண்டும். அவன் பின்னால்தான் வருவேன் என்றான், ஒருவரும் மறுக்கவில்லை. ஆடு அவனுக்கு முன்னால், அவன் கடைசியாக, ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினான். பின்னால் மஞ்சுதான் இருந்தது.

காட்டுப்பூவரசு மரத்தடிப் பாறையில் நின்று அவர்கள் கூப்பிட்டார்கள். அம்பலவாணன் என்று. சார் போட்டு ஏழு மாதம் ஆட்டைக் கூப்பிட்ட பெயரை, முதல்முறையாக ஒரு மனிதருக்காக, இருநூறு தொண்டையும் சேர்ந்து கூப்பிட்டன. எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னது, அதற்கடுத்த பாறை திருப்பிச் சொன்னது, மஞ்சுக்குள் எங்கோ ஒரு சோலையில் கருமந்திகள் அரற்றின. மூன்று நாள் கூப்பிட்டார்கள், கயிறு கட்டி இறங்கினார்கள். பாறைக்குக் கீழே, ஆடுதாண்டும் விளிம்பு ஒன்றில், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று, எழுந்து வந்து எடுத்துக்கொள்வதற்காக வைத்ததுபோல் நேராக நின்றது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. முதல்நாள் முதல் கூப்பாட்டின்போதே ஆடு பாறையிலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து, எதிரே மந்தைக்குள் போய்விட்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை.

சீட்டிலிருந்த விவரத்தை வைத்து கார்த்திகாயினி திருநெல்வேலிப் பக்கம் அந்த அக்காவைக் கண்டுபிடித்தாள். வயதான பெண்மணி. நினைத்தால் வருவான், நினைத்தால் போவான், வருவான் என்றுதான் இருந்தேன் என்றாராம். பிறகு, கடைசியாக அவனோடு பேசியது யார் என்று கேட்டார். கார்த்திகாயினி போனை இன்னாசியிடம் கொடுத்தாள்.

"என்ன சொன்னான் தம்பி?"

இன்னாசி சொன்னான்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் கேட்டது.

"சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்றார் அந்த அக்கா. "எங்க போனாலும் கேட்டுட்டுத்தான் உக்காருவான்."

டீத்தூளை புஷ்பம் தபாலில் அனுப்பினாள், பழைய பொட்டலத்தை அவிழ்க்காமல், அதன்மேல் புதுத்தாள் சுற்றி. இன்னாசியை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பிறகு மலை தெரிந்த ஆள் வேறு இல்லை என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் அவன் திருப்பூருக்குப் போன் போட்டு, சகாயத்திடம், எப்போது வருகிறாய் என்று கேட்டான். இப்பத்தான் கேட்கத் தோன்றியதா என்று அவள் சிரித்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டாள். பெய்கிறது என்றான்.

இப்போது கல்தேருக்கு நாளுக்கு எட்டுப் பேரைத்தான் விடுகிறார்கள். ஒன்பதாம் ஆணி காலியாகவே இருக்கிறது. அந்த வில்லையை இன்னாசி காட்டுப்பூவரசின் கிளையில் கட்டிவிட்டு வந்தான், காற்றடித்தால் அது பாறையில் மோதிச் சத்தமிடும். அந்த இடத்தை அடைந்ததும், எட்டுப் பேரும் எதிர்ப்பாறைக்கு முண்டியடிப்பதற்கு முன்னால், இன்னாசி அவர்களுக்கு முதுகைக் காட்டாமல் நின்று, ஒவ்வொருவர் முகத்தையும், அவர்கள் கூச்சப்படுகிற அளவுக்கு, ஒருமுறை பார்க்கிறான். பிறகு பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

மஞ்சு விலகியிருக்கும் நாட்களில், எதிரே முப்பது ஆடுகள் புல்லில் முகம் புதைத்து மேய்ந்துகொண்டிருக்கும். கூப்பிட்டதும் அதில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கும். அது தலையைத் தாழ்த்தும்வரை இன்னாசி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.